மஞ்சள் சௌலிக்

அத்தான் மஞ்சளாகிவிட்டார் என்று அக்காள் ரீனா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு, என் எக்ஸ்ரே அறையில் படம் கழுவ ஒரு சொட்டு மருந்து கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டெவலப்பர் மட்டும் இருந்திருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும் விஷயம். ஒரு குடும்பமே உட்கார்ந்து அழுதிருக்க வேண்டாம். ஆனால் கப்பல் வரவில்லை. பசிபிக் கடல் நடுவில் இருக்கும் எங்கள் போன்பேய் தீவில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். அரிசி எங்கே, கப்பல் வரவில்லை. ஆணி எங்கே, கப்பல் வரவில்லை. மழை மட்டும் எந்தக் கப்பலுக்கும் காத்திருக்காமல் தினமும் வந்துவிடும்.

“எல்பீனா, உன் அத்தானைப் பாருடி,” என்றாள் அக்காள். “கையைக் காட்டுங்க. அட, காட்டுங்கன்னா!”

அத்தான் இரண்டு கையையும் நீட்டினார். ஐயோ, உள்ளங்கை பழுத்த பப்பாளி நிறம். மூக்கு நுனி, காது மடல், பாதம் எல்லாம் அதே நிறம்.

“என்ன அத்தான், மஞ்சளைப் பூசிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க? அக்கா உசிரோட இருக்கும்போதே ரெண்டாங்கல்யாணமா?”

“சிரிடி மச்சினி, சிரி. ஒண்ணுக்குப் போனா அதுவும் சாயம் கரைச்ச மாதிரி போகுது. நான் போய்ச் சேர்ற அன்னிக்கும் இப்படியே பல்லைக் காட்டிக்கிட்டு நில்லு.”

எங்களுக்குள் இப்படித்தான். அக்காள் புருஷனை மச்சினி கிண்டல் பண்ணாமல் இருந்தால், என்ன இரண்டு வீட்டுக்கும் சண்டையா என்று ஊரில் கேட்பார்கள்.

அத்தானுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் காசியானோ. அதை இப்போது யாரும் வாயில் எடுப்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பெருந்தலைவர் அவருக்குச் சௌலிக் என்ற பட்டத்தைக் கொடுத்தார். பட்டம் வாங்கிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவர் தலையில் குட்டுவதும் எங்களுக்கு ஒன்றுதான். பெண்டாட்டிக்கும், கடைக்காரருக்கும், ஆஸ்பத்திரியில் கார்டு எழுதும் பெண்ணுக்கும் அவர் சௌலிக். அவ்வளவுதான்.

எங்கள் டாக்டர் லோசலீனி ஃபிஜிக்காரி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தங்கமான பெண், அவள் கை பட்டாலே பாதி நோவு போய்விடும். ஒரே குறை, நோயின் பெயரைக் கிரேக்கத்தில் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“தோல் மஞ்சளானா அதுக்குப் பேர் சாந்தோடெர்மா,” என்று ஆரம்பித்தாள். “சாந்தோன்னா கிரேக்கத்துல மஞ்சள், டெர்மான்னா தோல். தோலோட நின்னுட்டா பயமே இல்லை. ரத்தத்துல பிலிருபின்ங்கற பித்தச் சாயம் ஏறி, கண்ணோட வெள்ளையும் மஞ்சளாச்சுன்னா அது இக்டிரஸ். அதாவது காமாலை. இக்டிரஸ்னு ஒரு மஞ்சக் குருவியும் உண்டு. காமாலைக்காரன் அந்தக் குருவியைப் பார்த்துட்டா அவன் நோய் குருவிக்குப் போயிடும்னு அந்தக் காலத்துல நம்பினாங்களாம்.”

“அந்தக் குருவி எங்க கெடைக்கும்?” என்றார் அத்தான் சட்டென்று.

“கெடைச்சாலும் நம்ம ஆளுங்க சுட்டுத் தின்னுடுவாங்க, அத்தான்.”

டாக்டர் இமையை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். அங்கேதான் சிக்கல். அத்தான் மாலை தவறாமல் சகாவ் குடிப்பவர். வேரைக் கல்லில் இடித்துச் செம்பருத்தி நாரில் பிழிந்த அந்தப் போதைச் சாற்றை வருஷக்கணக்காகக் குடித்தவர் கண் எப்போதும் கலங்கிச் சிவந்துதான் இருக்கும். அதில் வெள்ளை எது, மஞ்சள் எது என்று யார் கண்டது? ரத்தத்தைச் சோதிக்கலாம் என்றால், போன மாதம் கரண்டு போனபோது சோதனை மருந்தெல்லாம் குளிர்பெட்டியிலேயே கெட்டுவிட்டது. புதுசு அதே கப்பலில்தான் வரவேண்டும்.

“தினமும் என்ன சாப்பிடறீங்க?” என்று கேட்டாள் டாக்டர்.

“மீன். ரொட்டிப்பழம். சோறு,” என்றார் அத்தான். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தார். சகாவின் அளவை மறைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“இவருக்கு முன்னாடி எப்பவாவது எக்ஸ்ரே எடுத்திருக்கா?”

“காசநோய்க்குன்னு ஊரையே வரிசையில நிறுத்தி எடுத்தாங்களே, அப்ப எடுத்தாங்க,” என்றார் அத்தான்.

கார்டுப் பெண் பீரோவைக் குடைந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்தாள். மேலே சௌலிக் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது வயிற்றுப் படம். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் யாரோ எடுத்தது. விளக்குப் பெட்டியில் மாட்டினேன். வலது விலாவுக்குக் கீழே, பித்தப்பை இருக்கும் இடத்தில், கொத்தாக வெள்ளைக் கற்கள்.

“கோலிலித்தியாசிஸ்,” என்றாள் டாக்டர். அவள் குரலில் இப்போது கிரேக்கத்தின் சந்தோஷம் இல்லை. “பித்தப்பைக் கல். அதுல ஒண்ணு நழுவிக் குழாயை அடைச்சிருக்கணும். அதான் மஞ்சள். இங்க வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. சனிக்கிழமை விமானத்துல மணிலா போயிடுங்க. ஆபரேஷன் பண்ணணும். அந்த இடத்துல வலி இருக்கா?”

“இருக்கு,” என்றார் அத்தான். படத்தைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவருக்கு அங்கே வலிக்க ஆரம்பித்திருந்தது. பிறகு, “சனிக்கிழமையா?” என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு அக்காள் அழத் தொடங்கிவிட்டாள்.

சனிக்கிழமைதான் பெருந்தலைவருக்கு விருந்து.

விருந்து என்றால் மண்ணுக்குள் ஆள் உயரத்துக்கு வளரும் வள்ளிக்கிழங்கு. எங்கள் ஆண்களுக்கு அது கிழங்கு இல்லை, மானம். ஒவ்வொருவனும் காட்டுக்குள் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒன்றை நட்டு, விடிவதற்கு முன்பே திருட்டுத்தனமாகப் போய் அதற்குப் பணிவிடை செய்துவிட்டு வருவான். பெண்டாட்டிக்கும் இடம் தெரியாது. அடுத்தவன் கிழங்கை எட்டிப் பார்ப்பது அசிங்கம். அதன் அளவைக் கேட்பது அதைவிட அசிங்கம். விருந்தன்றுதான் கழியில் கட்டித் தூக்கி வந்து தலைவர் முன்னால் இறக்குவார்கள். யாருடையது பெரிதோ அவன் பெயர் அடுத்த விருந்துவரை ஊர் வாயில் இருக்கும்.

பல வருஷமாக அந்தப் பெயரை வாங்கிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர் வெல்டிஸ். அத்தான் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. ஒவ்வொரு வருஷமும் சகலையின் கிழங்குக்குப் பக்கத்தில் தன்னுடையது இறங்குவதைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மழை வரும்போல இருக்கு,” என்பார். இந்த வருஷம் மட்டும் விருந்துப் பேச்சு வந்தபோதெல்லாம் “பார்க்கலாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை “பார்க்கலாம்” என்றால் மேளம் அடித்துச் சொன்ன மாதிரி.

புதன்கிழமை மத்தியானம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொட்டுகிற மழை. நான் அடுப்படியில் மீன் வாட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

“சகல, மணிலாவுல வயித்தைக் கிழிச்சா நான் திரும்பி வருவேனோ மாட்டேனோ.”

“சும்மா இருங்க. அதெல்லாம் வருவீங்க.”

“வரலைன்னா? இந்த வருஷம் என்னோடது மண்ணுக்குள்ளயே அழுகிப்போறதா? நீதான் தோண்டி எடுத்துட்டுப் போகணும். என் பேரைச் சொல்லி இறக்கணும். எடத்தைச் சொல்றேன், கேட்டுக்க.”

என் வீட்டுக்காரர் பதறிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “சொல்லாதீங்க சகல! என்கிட்ட சொல்லாதீங்க! வேற யார்கிட்டயாவது சொல்லுங்க!”

“வேற எவனுக்கு அதை உடையாம தோண்டத் தெரியும்? சொல்லு, இந்த ஊர்ல வேற எவனுக்குத் தெரியும்?”

அந்த ஒரு வார்த்தையை அத்தான் வாயிலிருந்து கேட்க என் வீட்டுக்காரர் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ! காதிலிருந்து கையை எடுத்தார். அத்தான் குனிந்து காதோரம் எதையோ சொன்னார். பிறகு எருமை மாதிரி இருக்கும் அந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். எனக்கும் பொறுக்கவில்லை. மீன் கருகிப் போனது.

மறுநாள் என் வீட்டுக்காரர் முழங்கால்வரை சேற்றோடு காட்டிலிருந்து வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கப்பல் ஊதியது. வாழ்நாளில் எந்தப் பாட்டும் என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. துறைமுகத்துக்கு நானே போய் டெவலப்பர் டப்பாவையும் ஃபிக்ஸரையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து கலக்கி வைத்துவிட்டு, அத்தானுக்கு ஆள் அனுப்பினேன்.

“சாகப்போறவனை ஏண்டி படுத்தறே?” என்று முனகிக்கொண்டே மேஜையில் படுத்தார்.

“மணிலா டாக்டர் புதுப் படம் கேப்பாங்க. மூச்சைப் பிடிங்க. இப்பவே விட்டுடாதீங்க, நான் சொன்னப்புறம் விடுங்க.”

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே படத்தை மருந்தில் அலம்பினேன். முதுகெலும்பு வந்தது, இடுப்பெலும்பு வந்தது, விலா வந்தது. கல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அலம்பினேன். வரவில்லை. மருந்து கெட்டுப்போனதோ என்று மோந்துகூடப் பார்த்தேன். ஈரத்தோடு ஓடிப்போய் விளக்குப் பெட்டியில் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பழைய படத்தில் ஒரு விலா எலும்பு ஒடிந்து கூடி முடிச்சு விழுந்திருந்தது. புதுப் படத்தில் எல்லா விலாவும் ஒழுங்காக இருந்தன.

“அத்தான், உங்களுக்கு எப்பவாவது விலா ஒடிஞ்சிருக்கா?”

“உங்கக்கா ஒடிக்கணும்னுதான் பார்க்கறா. இன்னும் கைகூடலை.”

எங்கள் ஊரில் விலா ஒடிந்தவர் ஒருத்தர்தான். பெரியவர் யோசிவோ. வாலிபத்தில் ரொட்டிப்பழ மரத்திலிருந்து விழுந்த கதையை விருந்துக்கு விருந்து சொல்லி எங்கள் உயிரை எடுப்பவர். அந்த யோசிவோ இரண்டு வருஷத்துக்கு முன்புவரை யார்? சௌலிக்! அவருக்கு அடுத்த படிப் பட்டம் கிடைத்ததும் சௌலிக் பட்டம் என் அத்தானுக்கு வந்தது. பட்டத்தோடு பீரோவில் இருந்த கவரும் வந்துவிட்டது. காசநோய்க்கு எடுத்த அத்தானின் நெஞ்சுப் படம் காசியானோ என்ற பழைய பெயரில் அடியில் எங்கோ கிடந்திருக்கும்.

நான் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. கார்டுப் பெண்ணைப் பிடித்து உலுக்கினேன். “கவர்மேல ஆளோட பேரை எழுத மாட்டியா?”

“பட்டம் வாங்கின பெரியவரைப் பேர் சொல்லி எழுதறதா? நல்லா இருக்கே! உங்க வீட்டுல அப்படித்தான் வளர்த்தாங்களா?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

டாக்டர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கப்பலில் வந்த மருந்தில் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தாள். பிலிருபின் இருக்கவேண்டிய அளவில் சமர்த்தாக இருந்தது. உடனே அவள் கண்ணில் கிரேக்கம் திரும்பி வந்தது.

“அப்ப இக்டிரஸ் இல்லை. வெறும் சாந்தோடெர்மா. சௌலிக், இப்ப உண்மையைச் சொல்லுங்க. மஞ்சளா எதைத் தின்னீங்க?”

அத்தான் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அக்காளைப் பார்க்கவே இல்லை. கடைசியில் தொண்டைக்குள்ளேயே, “கராத்,” என்றார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் சிரிப்புகூட வரவில்லை. கராத் என்பது குண்டாக, உள்ளே அடர்ந்த மஞ்சளாக இருக்கும் வாழைப்பழம். பல் முளைக்காத பிள்ளைகளுக்கு மசித்து ஊட்டுவது. மீசை வைத்த ஆண்பிள்ளை அதைத் தின்றால் ஊர் சும்மா விடுமா?

“எத்தனை தின்னீங்க?” என்றாள் அக்காள்.

“ஒரு நாளைக்கு ஒரு சீப்பு. பசிச்சா ரெண்டு.”

“எதுக்கு?”

அத்தான் சுவரைக் காட்டினார். சுகாதார இலாகா ஒட்டிய பெரிய படம். கராத் தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று எழுதி, கீழே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. “விடியறதுக்கு முன்னாடி கெழங்குக்குப் போறேன். வேர் தடுக்கி வேர் தடுக்கி விழறேன். விளக்கு எடுத்துட்டுப் போனா எவனாவது பார்த்துடுவான். அதான் கண்ணுக்கு நல்லதுன்னு… காட்டுக்குள்ளயே உக்காந்து…”

அப்புறம் எங்கே! டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கார்டுப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பழத்துல இருக்கிற கரோட்டின்தான் தோல்ல இறங்கியிருக்கு,” என்று டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “ஒண்ணுக்கு மஞ்சளாப் போனதுக்கு அதே பழத்துல இருக்கிற ரிபோஃப்ளாவின்ங்கற வைட்டமின் காரணம். ஃப்ளாவின்னாலும் மஞ்சள்தான். அது லத்தீன்.”

“மஞ்சளுக்கு இத்தனை பேரா?” என்றார் அத்தான் ஆச்சரியத்தோடு. “எனக்கு வந்ததுக்கு என்னன்னு சொன்னீங்க? சாந்தோடெர்மாவா? பட்டம் மாதிரி கம்பீரமா இருக்கே.”

அக்காள் கையிலிருந்த பையால் அவரை முதுகிலும் தோளிலும் விளாசினாள். விளாசிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். அத்தான் ஆஸ்பத்திரி முற்றத்து மழையில் இறங்கிக் கையைத் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டார். “பொழைச்சுட்டேன்! கல்லு இல்லை! மணிலா இல்லை! சனிக்கிழமை நான் இங்கதான்!” பாதி ஆட்டத்தில் அப்படியே நின்றார். முகம் தொங்கிப்போனது.

“அய்யய்யோ! அவன்கிட்ட எடத்தைச் சொல்லிட்டேனே!”

விருந்து அமர்க்களமாக நடந்தது. அத்தானின் கிழங்கை எட்டுப் பேர் கழியில் சுமந்து, முக்கி முனகிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. என் வீட்டுக்காரருடையது இரண்டு பேர் தூக்கி வந்த சுமார் ரகம். தலைவர் இரண்டையும் பார்த்தார், அத்தானின் பட்டத்தைச் சொல்லி அவரை முன்னால் அழைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தான் அந்தக் கிழங்குக்குப் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் மணிலாப் பக்கம் போகிற விமானம் தலைக்குமேல் பறந்தது. அத்தான் மஞ்சள் கையைத் தூக்கி அதற்கு டாட்டா காட்டினார். பெரியவர் யோசிவோ எழுந்து, “பட்டத்தைத்தானே உனக்குக் குடுத்தேன், கல்லையுமா எடுத்துக்கிட்டுப் போன? எத்தனையோ வருஷமா என் வயித்துல சும்மாதானே கிடக்கு, திருப்பிக் குடுடா!” என்று கத்தினார். தலைவரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “என்ன இந்த வருஷம் உங்களுது இவ்வளவு சோப்ளாங்கியா?”

“வெளையலை,” என்று கழுத்தைச் சொறிந்தார். பொய் சொன்னால் அவருக்குக் கழுத்து அரிக்கும். முறைத்தேன்.

“சரி, சத்தம் போடாதே. சகலயோடதைப் போய்ப் பார்த்தேன். நல்லா வளர்த்திருக்கார். ஆனா என்னுது அதைவிடப் பெரிசு. போகப்போற மனுஷன், ஒரு தடவையாவது வாங்கட்டுமேன்னு என்னுதை உள்ளயே விட்டுட்டேன். தூக்கிட்டு வந்தது தோட்டத்துல இருந்தது.”

“அதான் வெள்ளிக்கிழமையே பொழைச்சுட்டார்னு தெரிஞ்சுபோச்சே? தோண்டியிருக்கலாமே?”

“பொழைச்சுட்டார்னு, குடுத்ததைத் திருப்பிப் பிடுங்கறதா?” என்றார். “நீ வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்.”

என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான் வாயை மூடிக்கொண்டு ஒரு வருஷம் இருந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். இருந்தேன். அத்தான் அந்த ஒரு வருஷமும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், “என்ன சகல, இந்தத் தடவையாவது தேறுமா?” என்று என் வீட்டுக்காரரைச் சீண்டினார். அவர் “பார்க்கலாம்” என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் நாக்கு துடித்தது.

அடுத்த விருந்துக்கு அந்தக் கிழங்கு வந்தது. இன்னொரு வருஷமும் மண்ணுக்குள்ளேயே இருந்து பெருத்துப்போன கிழங்கு. சுமந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. விருந்துக் கொட்டகைக்குள் நுழைய வழி இல்லாமல் பக்கத்துத் தட்டியைக் கழற்றினார்கள். கூட்டம் கத்துவதற்குக்கூட மறந்துவிட்டது.

அத்தான் கிட்டே போய்ப் பார்த்தார். கிழங்கு வளர்ப்பவன் கண்ணுக்கு வயது தெரியும். பழைய தோல் எங்கே முடிந்து புதுத் தோல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். போன வருஷத்து அளவு எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போதே அது அவருடையதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. நிமிர்ந்து சகலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சகாவ் கொட்டாங்கச்சி முறைப்படி சுற்றி வந்தது. அத்தானின் பட்டத்தைச் சொல்லி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் உதட்டில் வைக்கவில்லை. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலைவர் முன்னால் நடக்கிறபடி குனிந்து, கொட்டகையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முன்னால் போய் மண்டியிட்டார்.

“குடி சகல,” என்றார். “போன வருஷத்துக்கும் சேர்த்துக் குடி.”

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். வாங்கிக் குடித்தார்.

“கராத் தின்னது வீண்போகலை மச்சினி,” என்று அத்தான் என் பக்கம் திரும்பிச் சொன்னார். “ஒரு வருஷம் கழிச்சுக் கண்ணு தெரியுது.”

“இன்னும் ரெண்டு சீப்பு அனுப்பறேன் அத்தான்,” என்றேன்.